மகனின் வெள்ளைத் திட்டு, தாயின் ‘பரு’: ஒரு குடும்பத்தில் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் கண்டறியப்பட்ட நிகழ்வு

பின்னணி

தென்மாவட்டம் ஒன்றில், தாலுகா அளவிலான அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு. ஏழு மாத ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயும் அப்பத்தாவும் வந்தார்கள். ஊருக்குத் தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு வந்த குழுவினர் குழந்தையின் தொடையிலும் முதுகிலும் இருந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, எதற்கும் தோல் டாக்டரிடம் காட்டிவிடும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

திட்டுகளை முதலில் கவனித்தவர் அப்பத்தாதான். “குளிப்பாட்டும்போது ஒரு மாசத்துலயே பார்த்தேன் டாக்டரம்மா. தேமல்னு நினைச்சு குப்பைமேனி அரைச்சுப் போட்டேன்” என்றார். பிறகு மருந்துக்கடையில் படைக்களிம்பு வாங்கித் தடவியிருக்கிறார்கள். ஒரு மாற்றமும் இல்லை. ஒருவர் கால்சியம் குறைவு என்றிருக்கிறார், இன்னொருவர் வயிற்றில் பூச்சி என்றிருக்கிறார்.

குழந்தைக்கு ஆறு வயதில் ஓர் அக்கா. தந்தை டிரைவர், பெரும்பாலும் வெளியூரில். தாய்க்கு 28 வயது, பி.காம். முடித்து, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். சொந்தத்தில் கட்டிய திருமணம் இல்லை. குடும்பத்தில் வலிப்பு நோய் யாருக்கும் கிடையாது என்றார்கள்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதப்படும் இந்தப் பதிவில், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

குழந்தையிடம் கண்டவை

தொழுநோய் பயத்தை முதலில் போக்க வேண்டியிருந்தது. அந்தக் கிருமி உடலில் புகுந்து அடையாளம் காட்டுவதற்குச் சாதாரணமாகவே சில ஆண்டுகள் ஆகும். ஏழு மாதக் குழந்தைக்கு, அதிலும் பிறந்த மாதத்திலேயே தெரிந்த திட்டுக்கு, அது காரணமாக இருக்க அநேகமாக வாய்ப்பே இல்லை. திட்டின் மேல் பஞ்சுத் திரியால் வருடியதும் குழந்தை காலை இழுத்துக்கொண்டான். தேமல் என்றால் ஓரம் மங்கலாகவும் மேலே மாவு போன்ற செதிலோடும் இருக்கும். இங்கே ஓரம் தெளிவு, தோல் வழவழப்பு. வெண்புள்ளி நோயில் நிறமி முழுவதும் போய்ப் பால் வெள்ளையாகிவிடும். இங்கே நிறம் குறைந்திருந்ததே தவிர அற்றுப்போகவில்லை.

அறையின் விளக்கை அணைத்துவிட்டு வுட்ஸ் விளக்கைப் பிடித்தோம். வெளிச்சத்தில் நான்கு திட்டுகள்தான் தெரிந்தன. புற ஊதா ஒளியில் ஒன்பது. பெரியது வலது தொடையில், ஏறத்தாழ 3 செ.மீ. நீளம், ஒரு முனை உருண்டும் மறுமுனை கூர்ந்தும் இலை வடிவில். சின்னதே 6 மி.மீ. இருந்தது. இடப்புறத் தலையில் ஒரு கற்றை முடி மட்டும் வெளுத்திருந்தது. அப்பத்தா அதைச் சுழிக்குப் பக்கத்தில் உள்ள ராசி முடி என்று நினைத்திருந்தார்.

ஒன்றிரண்டு வெள்ளைத் திட்டுகள் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிடமும் சகஜம். குறைந்தது 5 மி.மீ. அளவில் மூன்றும் அதற்கு மேலும் இருந்தால்தான் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணுக் கட்டி நோயின் பெரிய அடையாளங்களில் ஒன்றாகக் கணக்கில் சேரும். இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இத்திட்டுகள் உண்டு. பிறக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ வந்துவிடும். எல்லா அடையாளங்களிலும் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்.

எனவே அடுத்த கேள்வி வலிப்பைப் பற்றி. “பிட்ஸ் வந்திருக்கிறதா?” என்று கேட்டதற்கு இருவரும் இல்லை என்றார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டோம்: தூங்கி எழுந்ததும் திடுக் திடுக்கென்று ஏதாவது செய்கிறானா?

“அது உரம் விழுந்தது” என்றார் அப்பத்தா உடனே. “தூக்கிவாரிப் போடும். எழுந்ததும் வரிசையா பத்து, பதினைஞ்சு தடவை. அப்புறம் அழுவான். ரெண்டு தடவை உரம் எடுத்தாச்சு.”

தாயின் போனில் அதன் வீடியோ இருந்தது. தலை சட்டென்று முன்னால் கவிழ்கிறது, இரண்டு கைகளும் விரிந்து உயர்கின்றன, ஓரிரு விநாடிதான். சற்று ஓய்ந்து மறுபடியும். மறுபடியும். கைக்குழந்தைப் பருவத்தில் வரும் கொத்து வலிப்பு இது. 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனிடம் பார்த்து எழுதிய அதே காட்சி. தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் குறைந்துவிட்டதாகத் தாய் சொன்னார். அவர் குரல் அப்போது தான் தழுதழுத்தது. திட்டைப் பற்றிப் பேசியபோது அல்ல.

அப்பத்தாவைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நம் ஊரில் குழந்தை காரணமின்றித் திடுக்கிட்டு அழுதால் உரம் என்றுதான் நினைப்பார்கள். வலிப்பு என்றால் கை கால் வெட்டி வெட்டி இழுத்து நுரை தள்ளும் என்பதே பலரின் எண்ணம். இந்தக் கொத்து வலிப்பு அப்படி இருக்காது.

தாயிடம் கண்டவை

இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மரபணு மாற்றம் புதிதாக, பெற்றோரிடம் இல்லாமலே தோன்றுகிறது. மற்றவர்களுக்குத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருகிறது. அதனால் குழந்தையைப் பார்த்து முடித்ததும் தாயின் பக்கம் திரும்பினோம்.

அவர் முகத்தில் மஞ்சள் பூசி, துப்பட்டாவைக் கன்னம் வரை இழுத்திருந்தார். மூக்கின் இருபுறமும், கன்னத்தின் உட்பகுதியிலும், முகவாயிலும் சிவந்த பழுப்பு நிறத்தில் கடுகளவு, மிளகளவு முடிச்சுகள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மேல் உதடு மட்டும் சுத்தமாக இருந்தது. கிட்டே வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு முடிச்சின் மேலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிந்தன. கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை, சீழ் இல்லை, பிதுக்கிய வடு இல்லை.

எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, “ஒண்ணாங் கிளாஸ் போட்டோவிலேயே இருக்கு” என்றார். இந்த ஒரு பதிலே போதுமானது. பருவமடைவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கி, இருபது வருடம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது முகப்பரு ஆகாது. இவை நார்த்திசுவும் ரத்தக்குழாயும் சேர்ந்த ஆஞ்சியோஃபைப்ரோமா கட்டிகள். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் எட்டிப் பார்க்கும், பருவ வயதில் பெருகும். பள்ளி நாட்களிலிருந்து அவர் பல இடங்களில் பருவுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்: களிம்புகள், மாத்திரைகள், பார்லர், கடைசியில் யாரோ சொன்ன ஸ்டீராய்டு கிரீம். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் இதைச் சொல்லியே மறுத்தனவாம். இத்தனைக்கும், அவரிடம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை.

செருப்பைக் கழற்றச் சொன்னோம். இடது கால் பெருவிரல், நான்காம் விரல் இரண்டிலும் நகத்தின் அடியிலிருந்து சதை நிறத்தில் கூம்பாக ஒரு வளர்ச்சி. அது அழுத்திய இடத்தில் நகத்தின் நீளம் முழுக்க ஒரு பள்ளம். ‘கால் ஆணி’ என்று நினைத்து அவ்வப்போது பிளேடால் சீவிவிட்டிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும்போது வந்ததாம். நக ஓர நார்க்கட்டிகள் பெரும்பாலும் பருவ வயதிலோ அதற்குப் பிறகோதான் வரும். இடுப்புக்கு மேலே முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் குழிகுழியாக இருந்தது. பல்லில் ஊசி குத்தியது போன்ற சின்னச் சின்னப் பள்ளங்கள் ஐந்து எண்ண முடிந்தது.

ஒரே மரபணு மாற்றம் ஏழு மாதத்தில் வெள்ளைத் திட்டாகவும், ஆறு வயதில் மூக்கோர முடிச்சாகவும், பதினேழில் நகக் கட்டியாகவும் தெரிகிறது. ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு வேடம் என்பதால், தனித்தனியாகப் பார்ப்பவருக்கு மூன்றும் மூன்று சின்ன உபாதைகள்.

அன்று எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முகக் கட்டிகள், நகக் கட்டிகள், முதுகுத் தோல் தடிப்பு ஆகியவை தனித்தனியே பெரிய அடையாளங்கள். சர்வதேச வரையறைப்படி இரண்டு இருந்தாலே நோய் உறுதி, தாய்க்கு மூன்று. குழந்தைக்குத் தோலில் ஒரு பெரிய அடையாளம் தான் இருந்தது, ஆனால் தாயின் நிலையையும் வலிப்பையும் சேர்த்துப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடம் அதிகமில்லை. இருவருக்கும் தோல் பயாப்சி தேவையில்லை என்று முடிவு செய்தோம். மரபணுப் பரிசோதனைக்குக் காத்திருக்கவும் இல்லை: அதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதோடு நோய் உறுதியானவர்களிலும் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு வழக்கமான சோதனையில் மாற்றம் பிடிபடுவதில்லை.

அவசரம் வலிப்பில்தான். கொத்து வலிப்பு தொடர்ந்து ஓடும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கிறது. அன்றே மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் நரம்பியல் பிரிவுக்குப் போனில் பேசி, வீடியோவையும் அனுப்பி, குழந்தையை அனுப்பினோம். சீட்டில் ‘வெள்ளைத் திட்டு, வலிப்பு’ என்று மட்டும் எழுதாமல், நோயின் பெயரையும் அதற்கான காரணங்களையும் எழுதினோம். இது முக்கியம். கொத்து வலிப்புக்கு வேறு காரணங்கள் இருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் ஊசி அல்லது ஸ்டீராய்டு மருந்தில் தொடங்குவார்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்றால் முதல் மருந்து விகாபாட்ரின். எந்த மருந்து என்பதை இங்கே தோல் தீர்மானித்தது.

அங்கே மறுநாள் எடுத்த இ.இ.ஜி.யில் (மூளையின் மின்னலைப் பதிவு) இந்த வலிப்புக்கே உரிய ஒழுங்கற்ற பேரலைகள் தெரிந்தன. எம்.ஆர்.ஐ.க்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும், வரிசை இருந்தது. அதற்காக மருந்தைத் தள்ளிப்போடவில்லை. கிலோவுக்கு 50 மி.கி. என்று தொடங்கிச் சில நாட்களில் 100 மி.கி.க்கு ஏற்றினார்கள். இந்த மருந்து பார்வையின் பக்கவாட்டுப் பரப்பைச் சுருக்கக்கூடும் என்பதால், ஆரம்பத்திலேயே கண் பரிசோதனை செய்து, அதைப் பெற்றோரிடமும் சொன்னார்கள். எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் விகாபாட்ரின் இருப்பில் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை நகரத்திலிருந்து பஸ்ஸில் வரவழைக்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் தடிப்புகளும், நீர் அறைகளின் ஓரத்தில் முடிச்சுகளும் இருந்தன. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயத் தசைக் கட்டிகள் இரண்டு. ரத்த ஓட்டத்தை அடைக்கவில்லை, தாளம் சரியாக இருந்தது. இந்த இதயக் கட்டிகள் பெரும்பாலும் தாமாகவே சுருங்கிவிடும், எனவே கண்காணிப்பு மட்டும்.

தாயின் வயிற்று ஸ்கேன் வேறொரு கவலையைக் கொடுத்தது. இரண்டு சிறுநீரகங்களிலும் கொழுப்பும் ரத்தக்குழாயும் கலந்த கட்டிகள், இடப்பக்கம் பெரியது 4.1 செ.மீ. அவருக்கு வலியோ சிறுநீரில் ரத்தமோ எதுவும் இல்லை. இவ்வகைக் கட்டி வளர்ந்தால் உள்ளேயே வெடித்து உயிருக்கு ஆபத்தாக ரத்தம் கசியலாம். 3 செ.மீ.க்கு மேல் இருந்து, வளர்ந்துகொண்டும் இருந்தால் எவரோலிமஸ் மாத்திரை முதல் தேர்வு. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் பழுதாவது டி.எஸ்.சி.1 அல்லது டி.எஸ்.சி.2 மரபணு. இவை தயாரிக்கும் புரதங்கள் இரண்டும் சேர்ந்து, செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் என்ற பாதைக்கு பிரேக் மாதிரி. பிரேக் போனதால் உறுப்புக்கு உறுப்பு கட்டி. எவரோலிமஸ் அந்தப் பாதையையே அடக்குகிறது.

ஆனால் அவர் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார், அந்த மருந்தின்போது பால் கொடுக்கக் கூடாது. பழைய ஸ்கேன் எதுவும் இல்லாததால் கட்டி வளர்கிறதா என்றும் தெரியவில்லை. சிறுநீரக மருத்துவரோடு பேசி, ஆறு மாதம் கழித்து மறுபடி அளப்பது, அதற்குள் விலாவில் திடீர் வலியோ சிறுநீரில் ரத்தமோ வந்தால் இரவானாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போவது என்று முடிவானது. ரத்த அழுத்தம் மாதாமாதம் பார்க்கச் சொன்னோம். இந்நோயுள்ள பெண்களுக்கு நுரையீரலில் நீர்ப்பைகள் உண்டாகலாம், ஈஸ்ட்ரோஜன் அதைத் தூண்டக்கூடும். எனவே அது கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம், காப்பர்-டி சரி. நெஞ்சு சி.டி.யில் அவருக்கு நீர்ப்பை ஏதும் இல்லை.

வீட்டாரிடம் சொன்னது

மருத்துவம் ஒரு பக்கம் இருக்க, தாய் அறையில் தனியாக இருந்தபோது ஒரே கேள்விதான் கேட்டார்: “என்னாலதான் வந்துச்சுன்னு அத்தைகிட்ட சொல்லிடுவீங்களா?”

மறைப்பது சாத்தியமில்லை, மூத்த பெண்ணையும் அவர் தாய்வீட்டாரையும் பரிசோதிக்க வேண்டும். அவர் ஒப்புதலோடு, கணவர் ஊருக்கு வந்த பிறகு எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினோம். இந்த மரபணு மாற்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் போவதற்கும் போகாமலிருப்பதற்கும் சம வாய்ப்பு. உணவோ, கிரகணமோ, கர்ப்பத்தில் செய்த எதுவுமோ காரணமில்லை. இவருக்கும் இது தெரியாமலே வந்த நோய்தான், இவரது சிறுநீரகத்துக்கும் வைத்தியம் தேவை என்று சொன்னோம். கணவர் வெகுநேரம் பேசவில்லை. அப்பத்தாதான் முதலில் வாய் திறந்தார்: “அப்ப இவளுக்கும் மருந்து எழுதுங்க தாயி.” அதற்குப் பிறகு எல்லாப் பரிசோதனைக்கும் மருமகளோடு கூட வந்தவர் அவர்தான்.

தொடர்ந்தவை

விகாபாட்ரின் தொடங்கி ஒன்பதாம் நாள் கொத்து வலிப்பு நின்றது. இரண்டு வாரத்தில் எடுத்த இ.இ.ஜி.யும் தெளிந்தது. சிரிப்பு திரும்பியது. ஆனால் கதை அங்கே நேராகிவிடவில்லை. பதினான்காம் மாதத்தில் இடது கையில் மட்டும் துடிக்கும் வேறு வகை வலிப்பு வந்தது. இரண்டாவது மருந்து சேர்த்ததில் அடங்கியிருக்கிறது. பத்தாம் மாதத்தில் உட்கார்ந்தான், 22ஆம் மாதத்தில் நடந்தான். இப்போது இரண்டரை வயது, தனித்தனி வார்த்தைகள் பத்துக்குள். மற்ற பிள்ளைகளோடு சேர்வதில் உள்ள தயக்கத்தை ஆட்டிசம் கோணத்தில் மதிப்பிட்டு வருகிறார்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் நடக்கின்றன. இதயக் கட்டிகளில் ஒன்று எக்கோவில் தெரியவே இல்லை, மற்றது பாதியாகிவிட்டது. வெள்ளைத் திட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை.

ஆறு மாதத்தில் தாயின் கட்டி 4.8 செ.மீ. ஆகியிருந்தது. பாலை நிறுத்திவிட்டு எவரோலிமஸ் தொடங்கினோம். முதல் இரண்டு மாதம் வாய்ப்புண் பாடாய்ப் படுத்தியது. கொழுப்புச் சத்தும் ஏறியது. தாக்குப்பிடித்தார். ஒரு வருட முடிவில் கட்டி 3.7 செ.மீ. மருந்துச் செலவுக்கு வழி தேடுவதே ஒவ்வொரு மாதமும் பெரும் பாடு. மருத்துவக் கல்லூரியின் சமூகப் பணியாளர் அலைந்து திரிந்து உதவினார். முகத்தில் மாத்திரைக்கு முன்பே சிரோலிமஸ் களிம்பு தொடங்கியிருந்தோம். மூன்று மாதத்தில் சிவப்பு மட்டுப்பட்டது, சின்ன முடிச்சுகள் தட்டையாயின, முகவாயில் உள்ள தடித்தவை அசையவில்லை. நிறுத்தினால் திரும்பும் என்று தெரிந்தே தடவினார். துப்பட்டா இப்போது தோளில் இருக்கிறது.

மூத்த பெண்ணின் உடம்பில் வுட்ஸ் விளக்கில் ஒரே ஒரு திட்டு இருந்தது, முழங்கைக்கு மேலே. ஒரு திட்டை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தாய், மகன் இருவரிடமும் டி.எஸ்.சி.2 மாற்றம் கிடைத்த பிறகு, அதே மாற்றத்தைப் பெண்ணிடம் தேடினார்கள். இல்லை. அவளுக்கு ஸ்கேனும் வேண்டாம், தொடர் கண்காணிப்பும் வேண்டாம். அம்மாச்சியிடம் எந்த அடையாளமும் இல்லை. தாத்தா உயிரோடு இல்லை. தாயின் தம்பி ஒருவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார், விடுமுறைக்கு வரும்போது பார்க்க வேண்டும்.

மகனுக்கு 25 வயதாகும் வரை, ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும், நீர் அறை ஓரத்து முடிச்சு வளர்ந்து மூளை நீர் ஓடும் பாதையை அடைக்கிறதா என்று பார்க்க. சிறுநீரக ஸ்கேன் தாய்க்கும் மகனுக்கும் ஆயுள் முழுக்க.

மாற வேண்டியவை

எங்கள் ஓ.பி.யில் இப்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைத் திட்டு என்றால் விளக்கை அணைத்து எண்ணாமல் அனுப்புவதில்லை. மூன்றும் அதற்கு மேலும் என்றால் ‘பிட்ஸ் உண்டா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘தூக்கிவாரிப் போடுகிறதா, உரம் எடுத்தீர்களா’ என்று கேட்கிறோம். இந்தக் கேள்விக்குத்தான் பதில் வருகிறது. கிராம சுகாதார செவிலியர்களுக்கான கூட்டத்தில் அந்த வீடியோவை, குடும்பத்தின் அனுமதியோடு முகம் மறைத்துக் காட்டினோம். தூக்கி வந்த தாய் தந்தையின் மூக்கோரம், நகம், முதுகு மூன்றையும் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. பெரியவர்களிலும், ஐந்தாறு வயதில் தொடங்கி மருந்துக்கு மசியாத ‘பரு’ வந்தால் காலைக் காட்டச் சொல்கிறோம்.

எங்கள் கையில் மட்டும் இல்லாத ஒன்றும் இருக்கிறது. குடும்பத்தார் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில், பழைய சீட்டுகளுக்கு நடுவே, இந்தக் கர்ப்பத்தின் ஏழாம் மாத ஸ்கேன் அறிக்கை இருந்தது. கடைசி வரியில் ‘இதயத்தில் சிறு கட்டி, பிரசவத்துக்குப் பின் எக்கோ பார்க்கவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். கருவின் இதயத்தில் வரும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதயத் தசைக் கட்டிதான். ஒன்றுக்கு மேல் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் சந்தேகம் பலமாகிறது. ஸ்கேன் எடுத்த இடம் ஒன்று, பிரசவம் நடந்த இடம் இன்னொன்று, தடுப்பூசி போட்ட இடம் வேறொன்று. அந்த வரியைத் தாயிடம் தமிழில் யாரும் படித்துச் சொல்லவில்லை. இப்படி ஒரு வரி அறிக்கையில் இருந்தால் அதைத் தாய்சேய் அட்டையில் தமிழில் எழுதி, பிறந்த வாரத்திலேயே எக்கோவும் தோல் பரிசோதனையும், அதன் பிறகு வலிப்பு வருமுன்பே இ.இ.ஜி. கண்காணிப்பும் செய்ய மாவட்ட அளவில் ஒரு நடைமுறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.